பி.ஓ.பி.யா, டஸ்ட்டா, ஐ5ஆ?

"சேர், ஐ5 எடுக்கட்டுமா, ஐ7ஏ எடுத்துறட்டுமா?"

மேல் லயத்துப் பையன் இப்படிக் கேட்டபோது அவன் கையில் ஒரு கொப்பித்தாள் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் எட்டு மாதம் கடை வேலை பார்த்துச் சேர்த்த காசு. கல்யாண வீடியோ வெட்டுவது, அல்பம் செய்வது போன்ற வேலைகளை ராகலையில் இருந்தபடியே எடுத்துச் செய்ய ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப் போகிறான். தாளின் முதல் வரியில் 'புரொசசர்' என்று எழுதி, அதற்கு நேரே மொத்தக் காசில் பாதியை ஒதுக்கியிருந்தான்.

"உங்கம்மாகிட்டக் கேளு" என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவனுடைய அம்மா தோட்டத்து ஃபெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறவர். ஒரு புரொசசர் ஐ3 ஆவதும் இன்னொன்று ஐ7 ஆவதும் எப்படி என்பதை அவருக்கு விளக்க இரண்டு நிமிடம் போதும். கணினிக் கடைக்காரருக்கு விளக்கத்தான் நேரம் பிடிக்கும்.

மலையிலிருந்து ஃபெக்டரிக்கு வருவது ஒரே கொழுந்து. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து முடிக்கும்போது நாலு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கியிருக்கும். பிறகுதான் சல்லடை. பெரிய கண்ணில் தங்குவது ஒரு தரம், அதைத் தாண்டி விழுவது அடுத்த தரம். ஓ.பி., பெக்கோ, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். பி.ஓ.பி.க்கென்று ஒரு மலை, டஸ்ட்டுக்கென்று ஒரு மலை எந்தத் தோட்டத்திலும் இல்லை. பெயர் வைப்பது சல்லடைதான்.

புரொசசரின் கதையும் ஏறக்குறைய இதுதான். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ரொட்டிக்கல் அளவான சிலிக்கன் தட்டு. இதற்கு வேஃபர் என்று பெயர். அதன்மேல் ஒளியால் படம் பதித்து, அரித்து, மேலே இன்னொரு படை பூசி, மறுபடி பதித்து, மாதக்கணக்கில் வேலை நடக்கிறது. முடிவில் ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் கட்டம் கட்டமாக நிற்கும். அறுத்தெடுத்த துண்டு ஒவ்வொன்றிலும் ஆறு கோர், எட்டு கோர் என்று ஒரே வரைபடம்தான் பதிந்திருக்கும். கோர் என்பது தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு மூளை.

ஆனால் தட்டில் எங்காவது ஒரு தூசு விழுந்திருக்கும், ஒரு படை சரியாகப் பதியாமல் போயிருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பழுது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் சிப் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பழுதில்லாமல் தேறும். நான்கு சதுர சென்டிமீட்டர் சிப் என்றால் அறுபத்தேழுதான் தேறும். பெரிய சிப்பின் விலை பரப்பளவு கூடுவதைவிட வேகமாக ஏறுவதற்கு இது ஒரு காரணம். பழுதான துண்டுகளை எறிந்துவிட்டால் தொழிற்சாலை மூடவேண்டியதுதான். அதனால் பழுது எந்தக் கோரில் இருக்கிறதோ அதை நிரந்தரமாக அணைத்துவிட்டு, மிஞ்சியதைக் குறைந்த பெயரில் விற்கிறார்கள். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த ரைசன் 5 5600 ஆறு கோர் புரொசசர். உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டில் எட்டுக் கோர் உண்டு. எட்டும் வேலை செய்யும் துண்டுகளுக்கு ரைசன் 7 என்று பெயர் விழுகிறது.

இரண்டாவது சல்லடை வேகம். எல்லாக் கோரும் சரியாக இருந்தாலும் ஒரு துண்டு குறைந்த மின்னழுத்தத்திலேயே சுறுசுறுப்பாக ஓடும், இன்னொன்று அதே வேகத்துக்குக் கூடுதல் மின்சாரம் குடித்துச் சூடாகும். முதலாவது விலை கூடிய பெட்டிக்குள் போகும்.

சில வேளை கலப்பதும் நடக்கிறது. இன்டெல்லின் ஐ5-12400 இரண்டு வகைத் துண்டுகளிலிருந்து வந்தது. ஒன்று ஆறு பெரிய கோர் மட்டும் உள்ள சிறிய துண்டு. மற்றது எட்டுப் பெரிய கோரும் எட்டுச் சிறிய கோரும் உள்ள பெரிய துண்டில் பத்துக் கோரை அணைத்தது. பெட்டியின் முகப்பில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விலை.

இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. உற்பத்தி முறை பழகப் பழகப் பழுதுகள் குறைந்துவிடும். ஆனால் சந்தையில் மலிவானதைக் கேட்கும் ஆட்கள்தான் அதிகம். அப்போது நல்ல துண்டையே பூட்டிப்போட்டு மலிவாக விற்க வேண்டிவரும். 1991இல் இன்டெல் விற்ற 486எஸ்எக்ஸ், 1989இல் வந்த 486டிஎக்ஸ்தான். உள்ளே தசமக் கணக்குப் போடும் பகுதியை அணைத்திருந்தார்கள். பிறகு அந்தக் கணக்குப் பகுதி வேண்டுமென்பவர்களுக்கு 487 என்று ஒரு துணைச் சிப்பையும் விற்றார்கள். அதைப் பக்கத்துச் சொக்கட்டில் பொருத்தினால் பழைய சிப் தூங்கிவிடும், புதியது முழு வேலையையும் பார்க்கும். ஏனென்றால் அந்தத் 'துணை' ஒரு முழு 486டிஎக்ஸ்! 2009இல் ஏஎம்டி மூன்று கோர் ஃபெனம் புரொசசர்களை விற்றபோது, சில மதர்போட்டுகளில் ஒரு அமைப்பை மாற்றினால் நான்காவது கோர் விழித்துக்கொண்டது. எல்லாருக்கும் இல்லை. அதிர்ஷ்டலாபச் சீட்டு மாதிரி, சிலருக்கு.

ஓரிடத்தில் இந்த உவமை சறுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். டஸ்ட் என்றால் கழிவு என்று நினைப்பவர்கள் தேயிலை நாட்டிலேயே இருக்கிறார்கள். துணுக்கு சிறிதானால் வெந்நீர் படும் பரப்புக் கூடும், சாயம் சட்டென்று இறங்கும். தேத்தண்ணிக் கடைக்கு அதுதான் வேண்டும். ஐ3 அப்படி ஐ7ஐவிடக் கடுமையான சாயம் எதுவும் இறக்காது. ஆனால் யாருக்கு எந்தத் தூள் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

பையனுடைய தாளில் இரண்டாவது வரி 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தால் சிக்கியிருந்தது. கடைக்காரர் ஒருவர் ஐ3-12100எஃப் மலிவு என்று சொல்லியிருக்கிறார். அது மலிவுதான். 2022 ஜனவரியில் அறிமுகமானபோது ஐ3-12100 இன் விலை 122 டொலர், எஃப் போட்டது 97 டொலர். வித்தியாசம் 25 டொலர். எஃப் என்றால் சிப்பிலுள்ள படம் காட்டும் பகுதி, அதாவது கிராஃபிக்ஸ், அணைக்கப்பட்டது என்று அர்த்தம். தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் பூட்டாவிட்டால் திரையில் ஒரு கோடுகூட வராது. மலிவான கார்டுக்கும் 25 டொலரைவிட அதிகமாகவே போகும். அதோடு, வீடியோ வெட்டுகிறவனுக்கு அந்தப் பகுதி படம் காட்ட மட்டும் பயன்படுவதில்லை. வீடியோவைச் சுருக்கி எழுதும் தனிச் சுற்று ஒன்றும் அதற்குள் இருக்கிறது. மணிக்கணக்கில் கோர்கள் புரளவேண்டிய வேலையை அது ஓரமாக இருந்து முடித்துக்கொடுக்கும். அவனுக்கு எஃப் வேண்டவே வேண்டாம்.

ஏஎம்டியின் 5000 வரிசையில் இதே விஷயம் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. 5600 என்றால் படம் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. ரைசன் 5 5500 என்று ஒன்று இருக்கிறதே, அது 5600ஜியின் துண்டில் கிராஃபிக்ஸை அணைத்தது. 5600க்குத் தம்பி போலப் பெயர், ஆனால் வேறு துண்டு. உள்ளிருக்கும் கேஷ் நினைவகம் 5600இல் 32 எம்பி, 5500இல் 16 எம்பிதான்.

25 டொலர் என்றால் எவ்வளவு என்று டொலரில் யோசித்துப் பயனில்லை. தோட்டத்தில் கணக்குப் 'பேர்' தான். ஒரு நாள் வேலை ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஐ3-12100 வந்த மாதத்தில் டொலர் 203 ரூபாய் அளவில் நின்றது. வரியையும் கடை இலாபத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தச் சிப் 25 பேர். நான்கு மாதத்தில் டொலர் 360 ஆனது. அதே சிப் அமெரிக்காவில் அதே 122 டொலர்தான், ராகலையில் 44 பேர். ஒருநாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை கரண்ட் போன காலம் அது. வாங்கியவர்களாலும் போட்டுப் பார்த்திருக்க முடியாது. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ஆகி, டொலரும் 300க்கு இறங்கியபோது 27 பேர். எஃப் போட்டதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரைப் பேர். சிப்பின் விலையை ஆராய்ச்சியாளர்களும் போட்டியும் குறைப்பதாகப் பத்திரிகைகள் எழுதும். இங்கே அதைத் தீர்மானித்தது நாணய மாற்று.

இனி ஐ7. அவனுக்கு ஒரு நண்பன் பழைய ஐ7-3770 ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தான். 2012இல் வந்தது, 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச்சரங்கள்), சாதாரண வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஐ3-12100க்கும் 4 கோர், 8 திரெட், சாதாரண வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். எண்களைப் பார்த்தால் பழையவர் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறார். சோதனையில் புதியவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்கிறார். கிகாஹெர்ட்ஸ் என்பது கை எத்தனை தரம் செடிக்குப் போய் வருகிறது என்ற கணக்கு. ஒவ்வொரு தரமும் எத்தனை கொழுந்து கையில் வருகிறது என்பதை அது சொல்லாது. பத்து வருடத்தில் கையின் வேகம் பெரிதாக மாறவில்லை. ஒரு பிடியில் வரும் கொழுந்துதான் கூடியிருக்கிறது. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, ஒன்றையொன்று சாராத கட்டளைகளைச் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கும் திறமை அது. ஆகவே ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர் அதே தலைமுறைக்குள் மட்டும் பேசும். பி.ஓ.பி. என்று எழுதியிருந்தால் போதுமா, எந்த வருடத்துத் தேயிலை என்று பார்க்க வேண்டாமா?

நான் அவனுடைய தாளில் பெரிதாகக் கோடு போட்டது வேறோர் இடத்தில். பட்டியலின் கடைசியில், காசு மிஞ்சினால் பார்க்கலாம் என்ற தோரணையில், 'ஹார்ட் டிஸ்க் - பழசு' என்று எழுதியிருந்தான்.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு முதுகில் கூடை. கை திரும்பினால் கூடை. நிறைந்ததும் நடக்கவேண்டியது கொழுந்து மடுவத்துக்கு. அங்கிருந்து லொறி ஃபெக்டரிக்கு. அதற்கப்பால் கொழும்பு ஏலம். கணினிக்குள்ளும் இப்படித் தூரங்கள் உண்டு, ஒரே வித்தியாசம், இங்கே சாமான் கோரை நோக்கி வருகிறது. கோருக்கு ஒட்டியே இருக்கும் கேஷ்தான் கூடை. எடுத்துக்கொள்ள 1 நானோ செக்கன் அளவு. ரேம் மடுவம். போய்வர 80, 100 நானோ செக்கன். சுழலும் தட்டில்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி என்றால் எண்பது மைக்ரோ செக்கன் அளவு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து தட்டு சுற்றி வரும்வரை, 10 மில்லி செக்கன்.

இந்தச் சொற்கள் மனதில் நிற்காது. ஆகையால் கூடைக்குக் கைபோகும் நேரத்தை ஒரு செக்கன் என்று நீட்டிப் பார்ப்போம். மடுவத்துக்குப் போய்வர ஒன்றரை நிமிடம். எஸ்எஸ்டிக்குப் போய்வர ஏறக்குறைய ஒரு நாள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்வர 115 நாள். சித்திரைப் புதுவருடத்தில் அனுப்பிய ஆள் ஓகஸ்ட்டில் திரும்பி வருகிறான், அதுவரை ஐ7 ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் 'ஊருகிறது' என்றால் பத்தில் எட்டுத் தடவை புரொசசர் குற்றவாளி இல்லை என்பது என் அனுபவம். பெரிய புரொசசரும் பழைய டிஸ்க்கும் சேர்ந்த பெட்டியைவிட, சிறிய புரொசசரும் எஸ்எஸ்டியும் சேர்ந்த பெட்டி அன்றாட வேலையில் வேகமாகத் தெரியும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஐ7 ஸ்டிக்கருக்கு இருக்கும் மவுசு குறைவதில்லை.

ரேம் விஷயத்தில் ராகலைக்காரனுக்கு ஒரு சொந்தப் பாடம் இருக்கிறது. 1904 அளவில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இங்குவரை ஒரு ரயில் வந்தது. இரண்டரை அடி அகலமான குறும்பாதை. நானுஓயாவில் நின்ற பெரிய பாதையோ ஐந்தரை அடி. தேயிலைப் பெட்டிகள் அங்கே இறக்கி மறுபடி ஏற்றப்பட்டன. பெரிய பாதை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே வந்து சேருவது குறும்பாதை தருகிற அளவுதான். 1940களில் அந்த ரயில் நின்றுபோனது. 16 ஜீபி ரேமை ஒரே துண்டாகப் பூட்டுவதும் ஒரு குறும்பாதைதான். டிடிஆர்4-3200 வகையில் ஒரு துண்டு செக்கனுக்கு 25.6 ஜீபி தரும். 8 ஜீபி துண்டுகள் இரண்டை உரிய துவாரங்களில் பூட்டினால் 51.2. கிராஃபிக்ஸும் அதே ரேமைப் பங்குபோட்டுக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களின் கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விலையில் அவ்வளவு வித்தியாசம் இராது.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் மற்ற இடங்களிலும் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகள் கிடைக்கும். ஐ5-6500 போன்ற ஆறாம், ஏழாம் தலைமுறைக்காரர்கள் இப்போது அதிகம் வருவதற்கு ஒரு காரணம், மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். சிப்பில் பழுது எதுவும் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ் போட்டுப் படிக்க, எழுத, இணையம் பார்க்க அவை தங்கம். வீடியோ வெட்டும் தொழிலுக்கு, அதுவும் வாடிக்கையாளரின் கோப்புகளை வைத்துக்கொண்டு, நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

"குளிரூரில் கூலர் எதுக்கு?" என்றும் கேட்டான். நல்ல கேள்வி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கொழும்புக் காற்றோடு ஒப்பிட்டால் அங்குள்ள காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. மின்விசிறி அதே சுற்றுச் சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் எடை குறைவு, அதனால் அள்ளிக்கொண்டு போகிற சூடும் குறைவு. கொழும்பில் 30 பாகை அறையில் 75 பாகைக்கு ஏறும் சிப் ஒன்று, அதாவது அறையைவிட 45 பாகை கூட, இந்த மெல்லிய காற்றில் 53 பாகைவரை கூட ஏறலாம். ஆனால் நம் அறை 18 பாகைதானே. 71இல் நிற்கும். குளிர் வெல்கிறது, நினைப்பதைவிடச் சிறிய வித்தியாசத்தில். ஐ3-12100 பெட்டிக்குள்ளேயே வரும் கூலர் தாராளம். லயத்துக் காம்பராவில் அதற்கு உண்மையான எதிரி விறகடுப்புப் புகை. கரி படிந்த கூலர் எந்த உயரத்திலும் வேலை செய்யாது. அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவரோடு பெட்டியை வைக்காதே என்றேன்.

தாள் இரண்டாம் முறை எழுதப்பட்டது. எஃப் இல்லாத ஐ3-12100, புதியது. டிடிஆர்4 ஏற்கும் மதர்போட். ரேம் இரண்டு துண்டு. எஸ்எஸ்டி. மிச்சத்தில் ஒரு யூபிஎஸ், ஏனென்றால் ஒக்டோபர் இடிமின்னலை இங்கே யாரும் நம்புவதில்லை. கடையில் ஒருவர், பெட்டியில்லாத ரைசன் ஒன்றை இன்னும் மலிவாகக் காட்டியிருக்கிறார். ஏஎம்4 வகை ரைசனின் அடியில் 1,331 ஊசிகள். பத்திரிகைத் தாளில் சுற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் மலையேறினால் ராகலையில் இறங்கும்போது எத்தனை நிமிர்ந்து நிற்கும் என்று யோசித்து விட்டுவிட்டானாம். இன்டெல்லில் ஊசிகள் மதர்போட்டில் இருக்கின்றன. மதர்போட் பெட்டியை மட்டும் இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தான்.

பூட்டும் அன்று நானும் போயிருந்தேன். வேலை முடிந்து வந்த அவனுடைய அம்மா, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிப்பை, தொடாமல், குனிந்து பார்த்தார். இது எந்தச் சல்லடையில் விழுந்தது என்று கேட்டார்.

"உள்ளுக்கு ஆறு கோர் இருக்கும்மா. நாலுதான் வேலை செய்யும். ரெண்டை நிப்பாட்டிட்டாங்க."

"பாவம்" என்றார் அவர். "அந்த ரெண்டுக்கும் அரைப்பேர்கூடப் போடலியா?"